கதிர் தெரிவதற்கு முன்பே

மாட்டுக்குப் புல் வளர்ப்பது ஒரு வேலை. அதே புல்லிலிருந்து விதை எடுப்பது முற்றிலும் வேறு வேலை. முதலாவதில் இலை பெருத்தால் போதும். இரண்டாவதில் இலை பெருக்கப் பெருக்க விவசாயி கவலைப்பட வேண்டும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எனக்குப் பல பருவங்கள் பிடித்தன. புரிந்தபின், வயலைத் தாண்டியும் அது என்னை நிறைய யோசிக்க வைத்தது.

மும்பையின் செம்பூரில் உட்கார்ந்துகொண்டு புல்விதையைப் பற்றி எழுதுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இந்த வட்டாரத்துக்கும் உரத்துக்கும் உள்ள உறவு பழையது. இந்திய உரக் கழகத்தின் டிராம்பே ஆலை 1965-இல் ஓடத் தொடங்கியது. 1978 மார்ச்சில் அந்தக் கழகத்தைப் பிரித்தபோது இந்த ஆலை ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்டிலைசர்ஸ் ஆயிற்று. ஆர்.சி.எஃப். என்று சொன்னால்தான் இங்கே ஆட்டோக்காரருக்குப் புரியும். சுஃபலா, உஜ்வலா என்று மகாராஷ்டிர விவசாயி வீட்டுத் திண்ணையில் அடுக்கி வைக்கும் மூட்டைகள் இங்கிருந்து போனவை. இந்த ஆலையும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், அணு ஆராய்ச்சி மையமும் செம்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டிருக்கின்றன. கோயம்புத்தூரில் வேளாண்மை படித்த எனக்கும் உரத் தொழில்தான் சோறு போட்டது. ஆலைக்குள் இருந்தது குறைவு. விவசாயிகளுக்கு உரம் இடும் முறையைச் சொல்லிக்கொண்டு புணே, நாசிக், சோலாப்பூர் மாவட்டங்களில் சுற்றியதுதான் அதிகம்.

அந்த நாட்களில் விவசாயிகள் கேட்ட கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எத்தனை மூட்டை போடணும்? எப்போது போட வேண்டும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. கடையில் மூட்டை வந்த அன்று போடுவார்கள், கையில் காசு இருந்த அன்று போடுவார்கள், பக்கத்து வயல்காரர் போட்ட அன்று போடுவார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல மாட்டேன். ஜூலை மாத மழையில் உரக்கடை வாசலில் வரிசையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த நெருக்கடி தெரியும். ஆனால் புல்லுக்கு இந்த நெருக்கடி எதுவும் தெரியாது. அதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கு இப்படி. பல்லாண்டுப் புல்லின் ஒரு குத்தில் நிறையத் தூர்கள் இருக்கும். ஒவ்வொரு தூருக்கும் தனித்தனி நுனிமொட்டு. அது மண்ணை ஒட்டி, இலையுறைகளுக்குள் ஒளிந்திருக்கும். ஒரு கட்டம் வரை அது இலையாகவே ஈன்று தள்ளும். பிறகு, பகல் நீளமும் வெப்பமும் தூரின் வயதும் கூடிவரும்போது, இலை ஈனுவதை நிறுத்திக் கதிராக மாறத் தொடங்கும். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. வயல் நேற்றுப்போலத்தான் பச்சையாக இருக்கும். கதிர் உறையைப் பிளந்து வெளியே வர இன்னும் சில வாரங்கள் ஆகும். ஆனால் எத்தனை தூர்களில் கதிர் வரும், ஒரு கதிரில் எத்தனை கிளை, எத்தனை பூ என்பதெல்லாம் உள்ளுக்குள்ளே பெரும்பாலும் முடிவாகியிருக்கும்.

தழைச்சத்து அந்த முடிவுக்கு முன்னால் வேருக்குப் போய்ச் சேர வேண்டும். முன்னால் கிடைத்தால் தூர்கள் சீக்கிரம் வெடித்து, சேர்ந்து வளர்ந்து, தடித்த கதிர் தாங்கும். கதிரைக் கண்ணால் பார்த்தபின் யூரியா தூவினால் என்ன ஆகும்? புல் அதை வேண்டாம் என்று சொல்லாது. வாங்கிக்கொள்ளும். இலை கரும்பச்சையாக மாறும். அடியிலிருந்து புதுத் தூர்கள் கிளம்பும். வயலைப் பார்த்தால் மனம் நிறையும். ஆனால் அந்தப் புதுத் தூர்கள் நிழலில் பிறந்தவை. அவற்றில் பல கதிரே விடாது, விட்டாலும் மற்றவை முற்றி உதிரும்போது இவை அப்போதுதான் பூத்து நிற்கும். மிஞ்சிய சத்தால் தண்டு மெலிந்து பயிர் சாய்ந்துவிடும். சாய்ந்த கதிரில் மகரந்தம் சரியாகச் சேராது, பதர் கூடும், சாய்ந்ததன் ஊடே புதுத் தளிர் முளைத்து அறுவடையைக் கெடுக்கும். கொடுத்தது அதே மூட்டை. ஒரு வேளையில் கொடுத்தால் விதை, இன்னொரு வேளையில் கொடுத்தால் வைக்கோல்.

நம் பக்கத்து வெப்பநிலப் புற்களில் இது இன்னும் கடினம். கினியாப் புல்லையோ கொழுக்கட்டைப் புல்லையோ விதைக்கு விட்டவர்களுக்குத் தெரியும். ஒரே குத்தில் ஒரு கதிர் பூத்திருக்கும், ஒன்று பால் பிடித்திருக்கும், இன்னொன்று உதிர்ந்து காம்பு மட்டும் நிற்கும். நெல்லைப்போல முற்றியதெல்லாம் காத்திருக்காது. எந்த நாளில் அறுத்தாலும் விளைந்ததில் ஒரு பங்குதான் கைக்கு வரும். ஆகவே விதைக்காரனின் முழுத் திறமையும், முடிந்தவரை எல்லாத் தூர்களையும் ஒன்றாகக் கதிர் விடச் செய்வதில் இருக்கிறது. குவீன்ஸ்லாந்தில் வெப்பமண்டலப் புற்களை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த எல். ஆர். ஹம்ஃப்ரிஸ், ரிவெரோஸ் என்பவருடன் சேர்ந்து எழுதிய புல்விதை உற்பத்தி நூலை உலக உணவு வேளாண்மை அமைப்பு 1986-இல் வெளியிட்டது. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய நூல் அது.

செய்முறை எளிது. விதைக்காக விடும் வயலில் முதல் வேலை உரமிடுவது அல்ல, அறுப்பது. பழைய தண்டு, காய்ந்த இலை, பாதி வளர்ந்த தூர் எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் அறுத்து வெளியே எடுத்துவிட வேண்டும். அறுத்த கையோடு, மண்ணில் ஈரம் இருக்கும்போது, அந்தப் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தை இட்டுவிட வேண்டும். அதன்பின் ஆடு மாடு உள்ளே போகக் கூடாது. வயல் முழுவதும் ஒரே நாளில் புறப்பட்ட பயிராக எழும்பி வரும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மண் பரிசோதனை சொல்லும் அளவுக்கு அடியுரமாகப் போயிருந்தால் போதும். நாள் தவறினால் விளைச்சலைக் கெடுப்பது தழைச்சத்துதான்.

மண்ணுக்கும் மழைக்கும் இதில் பங்கு உண்டு. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஒரு 45 கிலோ மூட்டையில் சுமார் 20 கிலோ இருக்கிறது. ஆனால் மூட்டையில் இருப்பதெல்லாம் வேருக்குப் போவதில்லை. ஈரமான தரையின்மேல் தூவிவிட்டு, பிறகு மழையோ பாசனமோ இல்லாமல் போனால் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் போய்விடும். நைட்ரேட்டாக மாறிய பிறகு பெருமழை கொட்டினால் வேருக்குக் கீழே இறங்கிவிடும். கொங்கண் மழையில் இப்படிப் போன உரத்துக்குக் கணக்கே கிடையாது. 2015-இல் உள்நாட்டு யூரியா முழுவதுக்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கினார்கள். அது மாற்றத்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. நாள் தவறிப் போடுகிறவரை அது காப்பாற்றாது.

குளிர் நாடுகளிலும் விஷயம் இதுதான், நாட்காட்டிதான் வேறு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வில்லாமெட் பள்ளத்தாக்கு என்று ஒன்று இருக்கிறது. உலகத்துப் பூங்காக்களுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் ரை புல், ஃபெஸ்க்யூ புல் விதை அங்கிருந்து போகிறது. அங்குள்ள விவசாயி இலையுதிர் காலத்தில் சிறிதளவு தழைச்சத்து கொடுத்துத் தூர்களைத் தயார் செய்வார். குளிர்காலத்தைத் தாண்டிய தூர்கள்தான் கதிர் விடும் தகுதி பெறுகின்றன. பிறகு வசந்தத்தில், தண்டு நீளத் தொடங்கும் வேளையில், பெரும்பங்கைக் கொடுப்பார். குளிர் விலகுமுன் கொட்டினால் மழை அடித்துக்கொண்டு போகும். கதிர் வெளிவந்தபின் கொட்டினால் இலைக்குப் போகும். நடுவில் இருக்கும் சில வாரங்களை அவர் தவறவிடுவதில்லை.

என் அப்பா இவை எதையும் படித்தவர் அல்லர். காங்கேயம் பக்கம் எங்களுக்குக் கொறங்காடு இருந்தது. முள்கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடுகளை வளர்த்த நிலம் அது. அங்கே யூரியா யாரும் போட்டதில்லை. வெயில் காலம் முழுவதும் மாடும் செம்மறியும் நின்று சாணமும் புழுக்கையும் சேர்ந்திருக்கும். முதல் நல்ல மழை விழுந்ததும் ஒரு காட்டைப் பூட்டிவிடுவார். பூட்டுவது என்றால் படலைச் சாத்தி, மாடுகளை அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுவது. எவ்வளவு பச்சை தெரிந்தாலும், எந்த மாடு கத்தினாலும், விதை உதிரும் வரை அந்தப் படல் திறக்காது. மழையும் எருவும் இளைப்பாறலும் ஒரே சமயத்தில் கிடைத்த அந்தக் காடு அடுத்த வருஷமும் அடர்த்தியாக இருக்கும். உதிர்ந்த விதை சில மாதம் உறங்கிவிட்டு அடுத்த மழைக்குத்தான் முளைக்கும். இந்த அவசரமின்மையும் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. புணே அருகே உருளிகாஞ்சனில் மணிபாய் தேசாய் 1967-இல் தொடங்கிய பைஃப் நிறுவனத்தின் தீவன வயல்களுக்குப் போனபோதெல்லாம் எனக்கு அந்தப் படல்தான் நினைவுக்கு வந்தது.

இவ்வளவையும் எழுதக் காரணம் தாராவி.

மாட்டுங்காவில் எங்களைப் போன்ற ஓய்வுபெற்ற சிலர் சேர்ந்து தாராவிப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி செய்துவருகிறோம். பெரிய அமைப்பு அல்ல, பெயர்ப்பலகைகூடக் கிடையாது. மாட்டுங்காவுக்கு இதில் ஒரு மரபு இருக்கிறது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் பிறந்தது அங்கேதான். ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் தொண்ணூறு அடி சாலையின் சந்துகளில் இன்றும் இருக்கிறார்கள்.

அங்கே ஒரு பிள்ளையின் படிப்பு எந்த இடத்தில் முறிகிறது என்பதை நாங்கள் நெருங்கிப் பார்த்திருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் முறிவதாக வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். தோல்வி தெரிவது அங்கே. முறிவது அதற்கு வெகு முன்னால், ஏழாவது எட்டாவதில். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை ஒரு கட்டத்தில் வேறு வழிக்கு மாற வேண்டி வருகிறது. கணக்கும் அறிவியலும் திடீரென்று ஆங்கிலத்தில் வருகின்றன. வகுப்பில் புரியாததைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும், சீருடை போட்டிருக்கும், பார்க்கிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் உள்ளுக்குள்ளே அது "எனக்குப் படிப்பு வராது" என்று முடிவு செய்துகொண்டிருக்கும். அந்த வருஷம் கூட ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால், மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு டியூஷன் இருந்தால், பிள்ளை தாண்டிவிடும். நாலு வருஷம் கழித்து மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கடன் வாங்கிக் கோச்சிங் கிளாசில் பணம் கட்டுகிறார்கள். பிள்ளைமேல் இருக்கும் அன்பில் குறை இல்லை. தொகை பத்து மடங்கு, பலன் பத்தில் ஒரு பங்கு.

கொடுப்பவர்களிடமும் ஒரு நாட்காட்டி இருக்கிறது. இந்த ஊரில் போனஸ் தீபாவளிக்கு வரும். வருமான வரிக் கணக்கு மார்ச்சில் முடியும். ஆண்டு விழா டிசம்பர், ஜனவரியில் நடக்கும், மேடையில் உதவித்தொகை கொடுப்பார்கள். மகாராஷ்டிரத்தில் பள்ளி திறப்பதோ ஜூன் மாதத்தில். கட்டணம், புத்தகம், காலணி, மழைக்கோட்டு எல்லாம் அந்த ஒரு மாதத்தில் வேண்டும். அந்த மாதம் பணம் இல்லாத அப்பா வட்டிக்கு வாங்குவார், அல்லது "இந்த வருஷம் போகட்டும்" என்று பிள்ளையைக் கூட வேலைக்கு அழைத்துப் போவார். ஜனவரியில் மேடையேறி உறை வாங்கும் குடும்பம் அதை வைத்து வட்டியைக் கட்டுகிறது. பிள்ளை படிப்பதற்குக் கொடுத்த பணம் வட்டிக் கடைக்குப் போய்ச் சேருகிறது. காற்றில் போகும் அமோனியாவுக்கும் இதற்கும் நான் பெரிய வேறுபாடு காணவில்லை. எங்கள் குழுவில் இதைப் பற்றிப் பேசி, தீபாவளிக்குச் சேரும் பணத்தை அப்போதே செலவழிக்காமல் வங்கியில் போட்டு வைத்து, பள்ளி திறக்குமுன் பள்ளிக்கே நேராகக் கட்டிவிடுவது என்று ஏற்பாடு செய்தோம். விழா எடுப்பதை விட்டுவிட்டோம். உதவியின் அளவு கூடவில்லை. நடுவில் நின்றுவிடும் பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள்.

பணம் மட்டும் போதாது என்பதை ஒரு தாய் எனக்குக் காட்டினார். அவர் தாராவியில் இட்லிக் கடைகளுக்கு மாவும் இட்லியும் தயார் செய்கிறவர். விடியற்காலை இரண்டரை, மூன்று மணிக்கு அடுப்பு எரியும். தூக்கில் இட்லியைச் சுமந்து நகரமெல்லாம் விற்கப் போகிறவர்கள் இருட்டோடு வந்து வாங்கிப் போவார்கள். அவருடைய மகள் சிறுவயதிலிருந்தே கூட எழுந்து வேலை செய்தவள். பத்தாம் வகுப்புக்குப் போன ஜூனில் அந்த அம்மா சொன்னார்: "பிள்ளைய இனிமே அடுப்பு பக்கமே வரக் கூடாதுன்னு சொல்லிட்டேன்யா. மாவாட்ட ஒரு ஆளு வச்சிக்கிட்டேன். கையில நிக்கறது கொறையுந்தான், போகட்டும்." மார்ச் மாதப் பரீட்சை முடியும்வரை அந்தப் பெண் காலை ஐந்தரை மணிவரை தூங்கினாள். கட்டணம் நாங்கள் கட்டியதுதான். ஆனால் அந்தத் தூக்கத்தை அம்மா கொடுத்திராவிட்டால் நாங்கள் கட்டியது எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். மேய்ச்சலை நிறுத்தாத வயலில் எந்த உரமும் கதிராக மாறுவதில்லை. அந்த அம்மா தன் வருமானத்தைக் குறைத்துக்கொண்டு படலைச் சாத்தினார். அவருக்கு முன்னால் எங்கள் காசோலை மிகச் சிறியது.

இப்படி எழுதும்போது, காலம் கடந்தவர்களுக்கு ஒன்றுமே இல்லையா என்று யாராவது மனம் வருந்தக் கூடாது. மனிதன் புல்லைவிடப் பெரியவன். பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு மும்பையின் இரவுப் பள்ளிகளில் படித்துப் பத்தாவது தேறியவர்களை நான் அறிவேன். பல்லாண்டுப் புல்லிலும் அந்த இரக்கம் இருக்கிறது. ஒரு பருவம் போனாலும் வேர் சாவதில்லை, அறுத்துவிட்டால் மறுபடி தூர் வெடிக்கும். ஆனால் அங்கேயும் விதி மாறாது. சாய்ந்து கிடக்கும் பயிரின்மேல் இன்னும் ஒரு மூட்டை போட்டு அது நிமிர்ந்ததில்லை. அறுத்து, புதிதாகத் தொடங்கி, தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பையன் நின்ற படிப்பைத் தொடர விரும்பினால், அவனைப் பழைய வகுப்பிலேயே உட்காரவைத்து விரட்டக் கூடாது. அவனுக்கு எட்டாம் வகுப்புக் கணக்கிலிருந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் ஆள் வேண்டும். ஒரு வருஷம் கூடுதலாகும். ஆகட்டும்.

பெரியவர்களாகிய நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. பலன் கண்ணில் தெரிந்த பிறகு வாரி வழங்குவோம். பிள்ளை மாவட்ட அளவில் பரிசு வாங்கினால் சால்வை போடுவோம், மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் உறை கொடுப்போம். கதிரைக் கண்டபின் கொடுக்கும் கை அது. எதுவும் தெரியாத பச்சையாய் நிற்கும்போது, வாழ்த்துமடல் அச்சடிக்க எந்தக் காரணமும் இல்லாதபோது கொடுப்பதற்கு நம்பிக்கை வேண்டும். என் அப்பாவிடம் அது இருந்தது. இட்லிக்கார அம்மாவிடம் இருக்கிறது.

ஊரில் நிலம் வைத்திருக்கும் மும்பை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் விதை தேடாதீர்கள். அது மலடு, கரணை வைத்துத்தான் பெருக்க முடியும். கினியாவிலோ கொழுக்கட்டையிலோ விதை வேண்டுமென்றால் ஒரு பகுதியை ஒதுக்கி, மழைக்குமுன் மட்டமாக அறுத்து, முதல் ஈரத்தில் உரத்தை முடித்துவிட்டு, மாட்டை உள்ளே விடாதீர்கள். கதிர் வந்தபின் மூட்டையைத் தொட வேண்டாம்.

பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் தீபாவளிப் பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். உங்களுக்குத் தெரிந்த பிள்ளை ஒன்று இந்த ஜூனில் எட்டாம் வகுப்புக்குப் போகிறதா என்று விசாரியுங்கள். போகிறதென்றால், மே மாதம் முடியுமுன் அந்தப் பள்ளிக்குப் போய்க் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். வாரத்தில் ஒரு மாலை உங்களால் தாராவிக்கு வர முடிந்தால் அதையும் கொடுங்கள். எட்டாம் வகுப்புக் கணக்குச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு ஆள் போதவில்லை.